கேட்டார்க்கு மட்டும்: வலையமைப்பில் குழுப்பரப்பும் சுவிட்சின் கடமையும்

முன்னுரை

சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 16-இல், கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே அமைந்துள்ள ஊர் புதுவாயல். வயலும் ஏரியும் வாழ்வளித்த இப்பகுதியின் இன்றைய முகம் வேறு. 1971-இல் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனம் கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்க்கண்டிகையிலும் தொழில் வளாகங்களை அமைத்துள்ளது. இரும்பும் டயரும் இங்கே உருவாகின்றன. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் கல்லூரியை விட்டதும் இவ்வாலைகளின் வாயிலில்தான் முதன்முதலாக நிற்கின்றனர்.

அவ்வாலைகளுக்குள் நுழைந்தால், கட்டுப்பாட்டுப் பேனலின் உள்ளே பச்சை விளக்குகள் மினுக்கும் ஒரு சிறு பெட்டியைக் காணலாம். அதுவே சுவிட்ச். மின்விளக்கை ஏற்றி அணைக்கும் சுவிட்ச் அன்று இது. கணினிகளையும் காமிராக்களையும் எந்திரக் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் கருவி. இப்பெட்டி ஒரு செய்தியை யாருக்கு அனுப்பவேண்டும், யாருக்கு அனுப்பலாகாது என்னும் முடிவை எவ்வாறு எடுக்கிறது, அம்முடிவை நாம் எவ்வாறு நெறிப்படுத்தலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என்னும் வினா எழலாம். யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்புக்கு நெடுங்காலம் ஆசிரியராக விளங்கிய மணவை முஸ்தபா (1935–2017), கணினிக்கும் மருத்துவத்துக்கும் தமிழ்க் கலைச்சொற்களைத் தொகுத்தளித்தார். எந்த அறிவையும் தமிழில் சொல்ல இயலும் என்பதை வாதத்தால் மட்டுமன்றிச் செயலாலும் அவர் காட்டினார். அவ்வழியில் நம் பகுதித் தொழிலுக்கு வேண்டிய ஒரு நுட்பத்தை நம் மொழியில் விளங்கிக்கொள்ள முயல்வோம்.

1. மூவகைச் செலுத்தல்

செய்தியைச் சேர்க்கும் வழிகள் மூன்று. மாதவி கோவலனுக்கு விடுத்த ஓலை ஒருவர்க்கு மட்டும் உரியது. இதனைத் தனிச்செலுத்தல் எனலாம். மணிமேகலையின் விழாவறை காதையில் இந்திரவிழாவை அறிவிக்கும் முரசு, ஊரார் அனைவர்க்கும் உரியது. விருப்பமுடையவரும் இல்லாதவரும் அதனைக் கேட்டே ஆகவேண்டும். இது பொதுப்பரப்பு.

மூன்றாவது வகைக்கு நம் காலத்துச் சந்தா இதழே பொருத்தமான சான்று. ஓர் இதழுக்குக் கும்மிடிப்பூண்டியில் நூறு சந்தாதாரர் இருப்பின், சென்னையிலிருந்து நூறு ஆட்கள் ஒவ்வோர் இதழாக எடுத்துக்கொண்டு புறப்படுவதில்லை. ஒரே கட்டாக ஊருக்கு வருகிறது. ஊரில் பிரிக்கப்பட்டு, சந்தா செலுத்தியவர் வீட்டுக்கு மட்டும் செல்கிறது. சந்தா செலுத்தாதவர் வாயிலில் அது விழுவதில்லை. வலையமைப்பில் இதற்கு இணையானதை 'மல்டிகாஸ்ட்' என்பர். நாம் அதனைக் குழுப்பரப்பு என வழங்குவோம்.

இதழுக்குக் கட்டு ஒன்றாயினும் அதனுள் பிரதிகள் நூறு. குழுப்பரப்பிலோ வழிநெடுகச் செல்வது ஒரே பிரதி. பாதை எங்கே கிளைக்கிறதோ அங்கேதான் படி எடுக்கப்படுகிறது. அனுப்புநர் ஒரு முறையே அனுப்புகிறார். பெறுநர் பத்துப்பேர் ஆயினும் ஆயிரம்பேர் ஆயினும் அவர் சுமை கூடுவதில்லை. இதுவே இம்முறையின் உயிர்நிலை.

கம்பி செருகப்படும் துளையை ஆங்கில வழியே 'போர்ட்' என்று அழைக்கின்றனர். நாம் வாயில் என்போம். இல்வாய் என்பது முன்பின்னாக மாறி வாயில் என நிற்பதை இலக்கணப்போலி என்று படித்திருக்கிறோம். இல்லத்துக்கு வாய்போல அமைந்து உள்ளே விடுவதும் வெளியே விடுவதும் அதன் தொழில். சுவிட்சின் துளைக்கும் தொழில் அதுவே. வாயில் என்னும் சொல்லை நினைவூட்டும் பெயருடைய ஊரிலிருந்து எழுதும்போது இச்சொல் நமக்கு இயல்பாகவே வந்தமைகிறது.

2. தோற்றமும் முகவரியும்

குழுப்பரப்புக்கு அடித்தளமிட்டவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஸ்டீவ் டீரிங். அவர் வகுத்த முறை 1989 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 1112 என்னும் இணையத் தர ஆவணமாக வெளிவந்தது. 1992 மார்ச்சில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடந்த இணையப் பொறியியலாளர் கூட்டத்தின் ஒலி, மூன்று கண்டங்களில் இருபது இடங்களுக்கு இம்முறையில் அனுப்பப்பட்டது. எனினும் உலகளாவிய இணையம் முழுவதிலும் இது வேரூன்றவில்லை. ஒரே நிர்வாகத்தின்கீழ் உள்ள வலைகளிலேயே, அதாவது தொழிற்சாலை, மருத்துவமனை, தொலைக்காட்சி நிலையம், பங்குச் சந்தை போன்றவற்றிலேயே இது செழித்தது.

குழுவுக்கென்று தனி முகவரிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. 224.0.0.0 முதல் 239.255.255.255 வரை உள்ளவை அவை. இவை எந்த ஒரு கருவிக்கும் உரிய வீட்டு எண் அல்ல. இதழின் பெயர் போன்றவை. 239 எனத் தொடங்குபவை ஒரு நிறுவனம் தன் எல்லைக்குள் பயன்படுத்திக்கொள்ள விடப்பட்டவை. நம் பகுதி ஆலைகளில் காமிராக்களுக்கு இவற்றையே வழங்குதல் நன்று.

முகவரியைத் தேர்வதில் ஒரு நுட்பம் உண்டு. குழு முகவரியில் வேறுபடக்கூடிய பிட்டுகள் 28. சுவிட்ச் பார்க்கும் வன்பொருள் முகவரியிலோ அவற்றுள் 23 மட்டுமே இடம்பெறுகின்றன. எஞ்சிய ஐந்து விடுபடுவதால், 32 குழு முகவரிகள் ஒரே வன்பொருள் முகவரிக்குள் அடங்குகின்றன. 224.0.0.1 என்பது வலையில் உள்ள எல்லாக் கருவிகளையும் குறிக்கும் முகவரி. அதற்குரிய பொதிகள் எல்லா வாயில்களுக்கும் சென்றே தீரவேண்டும். 239.0.0.1 என்பதும் அதே வன்பொருள் முகவரியைப் பெறுகிறது. எனவே ஒரு காமிராவுக்கு 239.0.0.1 என்னும் குழுவை வழங்கினால், வன்பொருள் முகவரியை மட்டும் நோக்கும் சுவிட்ச் அதன் படத்தை எல்லா வாயில்களிலும் கொட்டிவிடும். 239.0.0, 239.128.0 எனத் தொடங்குவனவற்றை விலக்கி, 239.10.20.1 போன்ற முகவரிகளைத் தேர்ந்தால் இவ்விடர் நேராது.

3. அறியாத சுவிட்சும் அதன் விளைவும்

சுவிட்ச் தனக்கு வரும் பொதிகளின் அனுப்புநர் முகவரியைப் பார்த்து, இன்ன கருவி இன்ன வாயிலில் உள்ளது என்று கற்றுக்கொள்கிறது. குழு முகவரியோ ஒருபோதும் அனுப்புநராக வருவதில்லை. இதழின் பெயரில் யாரும் கடிதம் எழுதுவதில்லையன்றோ! ஆகையால் அக்குழுவைச் சேர்ந்தவர் எவ்வாயிலில் உள்ளனர் என்பதைச் சுவிட்ச் இவ்வழியில் அறியவே இயலாது. அறியாத நிலையில் எல்லா வாயில்களிலும் அனுப்பிவிடுகிறது. குழுப்பரப்பு பொதுப்பரப்பாக இழிகிறது. சந்தா இதழ் முரசாகிவிடுகிறது.

இதன் கேட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஆலையில் நாற்பது காமிராக்கள் உள்ளன என்றும், ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது என்றும் கொள்வோம். ஐந்து இடங்களில் எல்லாப் படங்களையும் பார்க்கவேண்டும். தனிச்செலுத்தலாயின் 40 × 4 × 5 = 800 மெகாபிட். குழுப்பரப்பாயின் 160 மெகாபிட் போதும். ஆதாயம் தெளிவு. ஆனால் சுவிட்ச் அறியாமையால் அந்த 160 மெகாபிட்டையும் எல்லா வாயில்களிலும் கொட்டுமாயின், நொடிக்கு 100 மெகாபிட் மட்டும் தாங்கும் வாயிலில் இணைந்துள்ள பி.எல்.சி. என்னும் எந்திரக் கட்டுப்பாட்டுக் கருவி என்னாகும்? அது கேளாத படங்களால் அதன் வாயில் அடைபடும். அது எதிர்நோக்கும் கட்டளை உரிய நேரத்தில் வந்து சேராது. கட்டளை வாராதபோது பாதுகாப்புக் கருதி எந்திரத்தை நிறுத்துமாறே பல கருவிகள் அமைக்கப்பட்டுள்ளன. காமிராவில் யாரோ செய்த மாற்றம், மறுகோடியில் உருட்டாலையை நிறுத்திவிடும்.

இங்கே இழப்பு பொருளிழப்பு மட்டும் அன்று. காரணம் புலப்படாத நிலையில், எந்திரத்தின் அருகே நின்ற தொழிலாளியின் மீதே பழி விழும். பெட்டியின் உள்ளே நடப்பதை விளக்கிச் சொல்லும் அறிவு, பழியிலிருந்து ஒருவரைக் காக்கும் அறிவும் ஆகும்.

4. ஒட்டுக்கேட்டல் என்னும் கடமை

இதற்குத் தீர்வாக அமைந்தது ஐ.ஜி.எம்.பி. எனச் சுருக்கி வழங்கப்பெறும் இணையக் குழு மேலாண்மை நெறிமுறை. அதன் இரண்டாம் பதிப்பு 1997-இலும் மூன்றாம் பதிப்பு 2002-இலும் வெளிவந்தன. ஒரு குழுவின் செய்தியைப் பெற விரும்பும் கருவி, "இக்குழுவில் நானும் உறுப்பினர்" என்று அறிவிக்கும். இதனை உறுப்பறிவிப்பு எனலாம். விலகும்போது விலகலறிவிப்புத் தரும். இவ்வறிவிப்புகள் வலைகளை இணைக்கும் ரவுட்டருக்காக எழுந்தவை. சுவிட்சுக்கு நேராகச் சொல்லப்படுபவை அல்ல.

ஆனால் அவை சுவிட்சின் வழியாகத்தானே செல்லவேண்டும்? செல்லும்போது சுவிட்ச் அவற்றைக் காதில் வாங்கிக்கொள்கிறது. "ஐந்தாம் வாயிலில் உள்ளவர் இக்குழுவைக் கேட்டார்" என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. அதன்பின் அக்குழுவின் பொதிகளை ஐந்தாம் வாயிலுக்கும் ரவுட்டர் இருக்கும் வாயிலுக்கும் மட்டும் அனுப்புகிறது. இதற்கு 'ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங்' என்று பெயர். ஸ்னூப்பிங் என்பதற்கு நேர் தமிழ் ஒட்டுக்கேட்டல். மனிதரிடத்தே இழிகுணமாகக் கருதப்படும் ஒன்று, இப்பெட்டியினிடத்தே கடமையாகிவிடுகிறது. சொல்லின் மதிப்பு அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

நுட்பம் இங்கும் உண்டு. இரண்டாம் பதிப்பின்படி, ஒரு குழுவில் ஒருவர் உறுப்பறிவிப்புத் தந்தால் அதனைக் கேட்ட மற்றவர் வாளா இருந்துவிடுவர். ரவுட்டருக்கு ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும். சுவிட்சுக்கோ ஒவ்வொரு வாயிலிலும் யார் இருக்கிறார் என்று தெரியவேண்டும். ஆகவே ஒட்டுக்கேட்கும் சுவிட்ச், ஒருவர் தந்த அறிவிப்பை மற்ற உறுப்பினர் காதில் விழாமல் ரவுட்டரின் பக்கம் மட்டும் விடுகிறது. ஒவ்வொருவரும் தாமே பேசவேண்டிய நிலை உண்டாகிறது. இத்தகைய சுவிட்சுகள் எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்னும் பரிந்துரைகள் 2006-இல் ஆர்.எஃப்.சி. 4541 என வெளியிடப்பட்டன.

5. வினவுநர் இன்றேல் வலையில்லை

இக்கட்டுரையில் மாணாக்கர் மனத்தில் இருத்தவேண்டிய பகுதி இதுவே. சந்தா ஒருமுறை செலுத்தினால் என்றென்றைக்கும் நிலைப்பதன்று, புதுப்பிக்கப்படவேண்டும். புதுப்பிக்கவேண்டும் என்று யாரேனும் நினைவூட்டவும் வேண்டும். வலையில் அவ்வாறு நினைவூட்டுபவரை வினவுநர் என்போம். "எக்குழுவில் யார் யார் உள்ளீர்?" என்று அவர் 125 நொடிக்கு ஒருமுறை எல்லாரையும் வினவுகிறார். உறுப்பினர் 10 நொடிக்குள் விடை தருவர். இரண்டு வினாக்காலமும் ஒரு விடைக்காலமும் கடந்தும், அதாவது 260 நொடி கடந்தும் விடை வாராத உறுப்பினர் அட்டவணையிலிருந்து நீக்கப்படுவார்.

வழக்கமாக வினவும் பணி ரவுட்டருடையது. ஆனால் ஆலைக்குள் தனித்து நிற்கும் காமிரா வலையில் ரவுட்டரே இல்லாமல் இருக்கலாம்; இருந்தாலும் அதில் இப்பணி இயக்கப்படாமல் இருக்கலாம். அப்போது என்ன நிகழும்? பார்வையிடும் கணினி தொடக்கத்தில் தானாக ஓர் உறுப்பறிவிப்பு அனுப்பும். சுவிட்ச் குறித்துக்கொள்ளும். படம் நன்றாக வரும். அமைத்தவர் மனநிறைவோடு வீடு திரும்புவார். வினவுபவர் இல்லாமையால் யாரும் மீண்டும் விடை சொல்வதில்லை. நான்கு நிமிடமும் சில நொடியும் கழிந்ததும் அட்டவணை வெறுமையாகும். அதன்பின் சுவிட்சின் அமைப்பைப் பொறுத்து இரண்டில் ஒன்று நிகழும். பதிவில்லாக் குழுப்பொதிகளைத் தள்ளிவிடும் அமைப்பாயின் திரை இருண்டுவிடும். அவற்றை எங்கும் கொட்டும் அமைப்பாயின் படம் நிற்காது. ஆனால் பழைய வெள்ளம் மீண்டும் எல்லா வாயில்களிலும் பாயும். முன்னதனினும் பின்னதே தீயது. இருண்ட திரை தன் குறையைத் தானே சொல்லும்; மறைந்த வெள்ளம் சொல்லாது.

எனவே ரவுட்டர் இல்லாத இடத்தில், மேலாண்மைச் சுவிட்சுகளுள் ஒன்றையே வினவுநராக அமைக்கவேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவை வினவ முற்படின், அவற்றுள் சிறிய ஐ.பி. முகவரி உடையதே வினவுநராகத் தேர்ந்தெடுக்கப்படும். ஏனையவை அடங்கி, அது செயலிழந்தால் பொறுப்பேற்கக் காத்திருக்கும்.

6. அமைக்கும் முறை

சுவிட்சுகளின் திரைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடினும், செய்யவேண்டியவை ஒன்றே. அவற்றை வரிசைப்படுத்திக் காண்போம்.

1. முதலில் தாளில் வரைதல் வேண்டும். அனுப்புபவை எவை, பெறுபவை எவை, சுவிட்சுகளை இணைக்கும் கம்பிகள் எவை, ஒவ்வொரு குழுவின் முகவரி யாது என்பன அவ்வரைபடத்தில் இருக்கவேண்டும்.

2. காமிராக்களையும் எந்திரக் கட்டுப்பாட்டையும் வெவ்வேறு விலான்களாகப் பிரிக்கவேண்டும். விலான் என்பது ஒரே பெட்டிக்குள் எழுப்பும் மதிற்சுவர். ஒரு பக்கத்து வெள்ளம் மறுபக்கம் கசியாது.

3. ஒட்டுக்கேட்டலை எல்லாச் சுவிட்சுகளிலும், உரிய ஒவ்வொரு விலானிலும் இயக்கவேண்டும். நடுவில் ஒன்று விடுபடின், அதன்கீழ் உள்ள வாயில்கள் எல்லாம் வெள்ளத்துக்கு ஆளாகும்.

4. வினவுநரை வலையின் நடுவில் உள்ள சுவிட்சில் அமைக்கவேண்டும். வினவுநர் இருக்கும் திசைநோக்கி எல்லாக் குழுப்பொதிகளும் செல்லும் ஆதலின், அதனை ஓரத்தில் உள்ள சிறு சுவிட்சில் வைப்பது மெல்லிய கம்பியின்மீது முழுச் சுமையையும் ஏற்றுவதாகும். அந்த விலானில் அச்சுவிட்சுக்கு ஓர் ஐ.பி. முகவரி தருதல் வேண்டும். இன்னொரு சுவிட்சைச் சற்றே பெரிய முகவரியோடு காத்திருப்பாக வைப்பது நலம்.

5. கருவிகள் பேசும் ஐ.ஜி.எம்.பி. பதிப்பு யாது என்று பார்த்து, வினவுநரின் பதிப்பை அதற்கு இசைவாக வைக்கவேண்டும்.

6. பதிவில்லாக் குழுப்பொதிகளைத் தள்ளும் அமைப்பை, வினவுநர் சரிவர இயங்குவதை உறுதிசெய்த பின்னரே இயக்கவேண்டும். 224.0.0 எனத் தொடங்கும் நிர்வாகப் பொதிகள் தடைபடலாகா.

7. உடன்விலகல் என்னும் வசதி, விலகலறிவிப்பு வந்த கணமே வாயிலை மூடிவிடும். ஒரு வாயிலில் ஒரே கருவி இருந்தால் இது நன்மை. அவ்வாயிலின் பின்னே மற்றொரு சுவிட்சும் பல பெறுநரும் இருந்தால், ஒருவர் விலகும்போது அனைவரும் இழப்பர்.

8. புயல்தடுப்பு என்னும் உச்சவரம்பு சில சுவிட்சுகளில் குழுப்பொதிகளையும் எண்ணிக் கழிக்கும். முறையான படத்தையே அது வெட்டிவிடாதவாறு வரம்பைக் கணக்கிட்டு வைக்கவேண்டும்.

9. செய்த மாற்றங்களை நிலையாகச் சேமிக்கவேண்டும். பல சுவிட்சுகளில் இயங்கும் அமைவு வேறு, சேமித்த அமைவு வேறு. சேமிக்காதது அடுத்த மின்தடையோடு அழிந்துவிடும்.

10. இறுதியாகச் சோதித்தல். படம் வந்தவுடன் எழுந்துவிடலாகாது. 260 நொடிக்கு மேல், ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருக்கவேண்டும். குழு அட்டவணையைத் திறந்து, கேட்டவர் வாயில்கள் மட்டும் அதில் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். பிறகு எதனையும் கேளாத ஒரு வாயிலின் பொதி எண்ணிக்கையைப் பார்க்கவேண்டும். அது அமைதியாக இருப்பதே பணி நிறைவுற்றதற்குச் சான்று.

ஐ.பி. ஆறாம் பதிப்பில் பொதுப்பரப்பே இல்லை. அண்டைக் கருவியைக் கண்டறிவதும் குழுப்பரப்பின் வழியேதான். அங்கே ஐ.ஜி.எம்.பி.யின் பணியை எம்.எல்.டி. என்னும் நெறிமுறை ஆற்றுகிறது. பெயர் மாறினும் மேற்கூறிய வரிசை மாறாது.

7. ஒட்டுக்கேட்டல் எட்டாத இடம்

எல்லாக் குழுப்பரப்பும் இம்முறைக்குள் அடங்கும் என்று எண்ணுதல் கூடாது. இன்றைய மின்துணை நிலையங்களில் ஐ.இ.சி. 61850 என்னும் தரத்தின்படி, ஒரு பாதுகாப்பு ரிலே மற்றவற்றுக்குக் 'கூஸ்' எனப்படும் செய்தியை அனுப்புகிறது. மின்தடத்தில் பழுது நேர்ந்தால் மின்வழியை வெட்டச் சொல்லும் செய்தி அது. மிக விரைவான வகைக்கு அத்தரம் விதிக்கும் காலம் 3 மில்லிநொடி. இச்செய்தி ஐ.பி. முகவரியே இல்லாமல் வன்பொருள் குழுமுகவரியில் செல்வது. உறுப்பறிவிப்பு என்பதே அதில் இல்லை. ஆகவே ஒட்டுக்கேட்கவும் ஒன்றுமில்லை.

இங்கே மனிதரே அட்டவணையை எழுதவேண்டும். இன்ன குழு முகவரி இன்ன வாயில்களுக்கு மட்டும் என்று சுவிட்சில் நிலையாகப் பதிக்கவேண்டும். அல்லது தனி விலானில் வைத்து அதற்கு முன்னுரிமை தரவேண்டும். தானியங்கும் முறை எதனை அறியும், எதனை அறியாது என்று தெரிந்து வைத்திருப்பவரே பொறுப்பான தொழில்நுட்பர்.

8. பங்குச் சந்தை தந்த பாடம்

இதுவரை குழுப்பரப்பின் சிக்கனத்தையே பேசினோம். அதற்கு மற்றொரு பண்பும் உண்டு. அது நடுவுநிலைமை. இதனை உணர ஆலையை விட்டு மும்பைக்குச் செல்லவேண்டும்.

தேசியப் பங்குச் சந்தை 1992-இல் நிறுவப்பெற்று, 1994-இல் வணிகத்தைத் தொடங்கியது. தரகர்கள் தம் கணினிகளைச் சந்தையின் இடத்திலேயே வைத்துக்கொள்ளும் வசதியை 2010 வாக்கில் அது அளித்தது. சந்தையில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் சொல்லும் தரவு அத்தரகர்களுக்கு வழங்கப்பட்டது. அக்காலத்தில் அது டி.சி.பி. என்னும் முறையில், தனிச்செலுத்தலாகச் சென்றது. தனிச்செலுத்தலில் ஒருவர்க்குப் பின்னரே மற்றவர்க்கு அனுப்ப இயலும். காலையில் முன்னே இணைந்தவர் வரிசையில் முன்னே நிற்பார். ஒரே செய்தி அவர்க்கு முன்னே கிடைக்கும். அம்முந்துதல் கண் இமைப்பினும் குறுகியதே. ஆனால் கணினியே வாங்கி விற்கும் சந்தையில் அதற்கும் விலை உண்டு. 2014 வாக்கில் சந்தை குழுப்பரப்புக்கு மாறியது.

இது குறித்து எழுந்த முறையீடு பல ஆண்டு விசாரிக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 30 அன்று செபி பிறப்பித்த ஆணை, 624.89 கோடி ரூபாயை 12 விழுக்காடு வட்டியுடன் செலுத்துமாறு சந்தையைப் பணித்தது. 2023 ஜனவரியில் பங்குப் பத்திர மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அப்பணிப்பை நீக்கியது. எனினும் உரிய விழிப்புக் காட்டாமைக்காக 100 கோடி ரூபாயை முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குச் செலுத்தச் சொன்னது. வழக்கு அதன்பின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

யார் பயனடைந்தார் என்பது நீதிமன்றங்கள் ஆராயும் பொருள். நாம் கொள்ளவேண்டிய பாடம் வேறு. ஒருவர் பின் ஒருவராக அனுப்பும் அமைப்பில், எவரும் தீங்கு எண்ணாவிடினும் முன்னவர் பின்னவர் என்னும் வேற்றுமை தானே பிறந்துவிடுகிறது. ஒருமுறை அனுப்பிக் கிளைக்குமிடத்தில் படியெடுக்கும் அமைப்பில் அவ்வரிசைக்கு இடமில்லை. திருக்குறளில் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரம் உண்டு. அது மனிதனின் நெஞ்சை நோக்கிச் சொல்லப்பட்டது. நெஞ்சுக்கு வேண்டிய அந்நேர்மை, நாம் அமைக்கும் கருவிக்கும் வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

குழுப்பரப்புக்குக் குறையும் உண்டு. பெறுநரிடம் ஒப்புகை கேட்பது அதன் வழக்கமன்று. வழியில் ஒரு பொதி தவறினால் அனுப்புநர் அறியமாட்டார். காமிராப் படத்தில் ஒரு கணம் சிதைவு தோன்றி மறையும். பங்குச் சந்தையிலோ விட்டுப்போனதைப் பெறத் தனிவழி வகுத்தாகவேண்டும். நன்மையைச் சொல்லிக் குறையை மறைப்பது ஆசிரியர்க்கு அழகன்று.

முடிவுரை

கேளாதவர் வாயிலில் கொட்டாமை, கேட்டவர் எவரையும் விடாமை, கேட்டவர்க்குள் முன்பின் வையாமை ஆகிய மூன்றும் நல்ல குழுப்பரப்பின் இலக்கணம். இம்மூன்றும் பெட்டியை வாங்கி மின்சாரம் கொடுத்தவுடன் தாமே வந்துவிடுவதில்லை. ஒட்டுக்கேட்டலை இயக்கி, வினவுநரை அமைத்து, ஐந்து நிமிடம் பொறுத்திருந்து சரிபார்க்கும் மனிதர் ஒருவர் வேண்டும். அம்மனிதர் புதுவாயலிலும் கவரைப்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டியிலும் வளரும் நம் மாணாக்கராக இருக்கவேண்டும் என்பது நம் விழைவு.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. மேலாண்மைச் சுவிட்ச் இரண்டும், ஒரு காமிராவும், இரு கணினிகளும் இருந்தால் மேற்கூறிய பத்தையும் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம். வினவுநரை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்திருந்தால், 260 நொடி என்பது ஏட்டில் உள்ள எண் அன்று என்பது புலப்படும். செய்து கண்டதைத் தமிழில் எழுதிவைத்தல் அடுத்த படி. அடுத்த ஆண்டு வரும் மாணாக்கர் அதனைப் படித்துத் தொடர்வர். தொழிற்கூடத்தின் வாயிலும் தமிழின் வாயிலும் ஒருங்கே திறக்கும் வழி அதுவே.